எஞ்சின் வேலைக்கு வந்த கார்: பழைய பிஸ்டனே போதுமா, புதுசு வாங்கணுமா?

சைலன்சரில் நீலப் புகை. ஆயில் அடிக்கடி குறைகிறது. திண்டிவனம் ரோட்டில் ஒரு லாரியை முந்தக்கூட இழுவை இல்லை. புதுச்சேரி சாரத்தில், அப்பா வாங்கிய மாருதி 800-ஐ இன்னும் ஓட்டும் ஓர் இளைஞருக்கு இந்த நிலைமை என்று வைத்துக்கொள்வோம். மெக்கானிக் இரண்டு வழி சொல்வார். "ரிங் மட்டும் மாத்திடலாம் தம்பி, செலவு கம்மி." இல்லையென்றால், "போர் பண்ணி பிஸ்டன் செட்டே போட்டுடலாம்."

எது சரி என்று பிஸ்டனைக் கையில் வைத்துப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. முதலில் அளக்க வேண்டியது, அது ஓடும் சிலிண்டரை.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: கம்ப்ரஷன் பார்த்தாச்சா? குறைவாகக் காட்டும் சிலிண்டரில், ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அளவு ஏறினால் கோளாறு ரிங், சிலிண்டர் பக்கம். ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் பக்கம் பார்க்க வேண்டும். வால்வு சீல் கெட்டுப்போனாலும் நீலப் புகை வரும். அதற்காக பிஸ்டனைத் தொடவே வேண்டியதில்லை.

சிலிண்டர் என்ன சொல்கிறது?

1983-ல் அறிமுகமாகி 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800-ன் மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சினில் சிலிண்டர் விட்டம் 68.5 மி.மீ. எல்லா இடத்திலும் அது ஒரே மாதிரி தேயாது. ரிங் மேலேறித் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். அதனால் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசைகளில் போர் கேஜ் வைத்து அளக்க வேண்டும். விரலால் தடவிப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்பது அளவு ஆகாது.

தேய்மானம் கம்பெனி மேனுவல் சொல்லும் வரம்பைத் தாண்டினாலோ, ஆழமான கோடு விழுந்திருந்தாலோ பேச்சே இல்லை. ரீபோர் செய்தாக வேண்டும். 0.25 மி.மீ. ஓவர்சைஸுக்குக் கடைந்தால் விட்டம் 68.75 ஆகிவிடும். பழைய பிஸ்டனை அதில் போட்டால், மூன்று தலைமுடி தடிமன் அளவுக்குக் கூடுதல் இடைவெளி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டக் டக்' என்று தட்டும், ஆயிலும் குடிக்கும்.

இடைவெளி குறைந்தாலும் ஆபத்துதான். பிஸ்டன் அலுமினியம், இந்த எஞ்சினின் பிளாக் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இடம் போதாமல் போனால் எஞ்சின் சீஸ்தான்.

பழசு எப்போது போதும்?

சிலிண்டர் வரம்புக்குள் இருந்தால் லேசாக ஹோனிங் செய்து, புது ரிங்குடன் பழைய பிஸ்டனையே போடலாம். ஆனால் பிஸ்டனும் தேற வேண்டும். ஸ்கர்ட்டை பின்னுக்குக் குறுக்குத் திசையில், மேனுவல் சொல்லும் உயரத்தில் மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். பிஸ்டன் முழு வட்டம் கிடையாது, லேசான முட்டை வடிவம். இடம் மாறினால் அளவும் மாறும்.

பலர் கோட்டை விடுவது ரிங் காடியில். புது ரிங்கைக் காடியில் வைத்து ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்க்க வேண்டும். பல சிறிய பெட்ரோல் எஞ்சின்களில் மேல் ரிங்குக்கு இந்த இடைவெளி 0.1 மி.மீ.யைக் கொஞ்சம் தாண்டினாலே பிஸ்டன் கழிவுதான். தேய்ந்த காடியில் எவ்வளவு நல்ல ரிங் போட்டாலும் ஆடும், ஆயிலை மேலே ஏற்றும். கரியை எடுக்கிறேன் என்று கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் காடியைக் கெடுத்துவிடும்.

பின் துளை அருகிலோ, ரிங்குகளுக்கு நடுவிலோ மயிரிழை விரிசல் தெரிந்தால் அளவெல்லாம் பார்க்கவே வேண்டாம், தூக்கிப் போட வேண்டியதுதான். தேறிய பிஸ்டன் எந்த சிலிண்டரில் ஓடியதோ அதே சிலிண்டருக்குத்தான் திரும்பப் போக வேண்டும். ஆகவே கழற்றும்போதே 1, 2, 3 என்று குறித்து வைத்தார்களா என்று கேட்டுவிடுங்கள்.

செலவைப் பார்த்து ரிங்கோடு நிறுத்தி, ஆறு மாதத்தில் மறுபடி புகை வந்தால் எஞ்சினை இறக்கி ஏற்றும் கூலி, கேஸ்கெட் செட், ஆயில் எல்லாம் இரண்டாவது தடவை. அதே நேரம், அளவு எதுவும் காட்டாமல் "எல்லாம் புதுசா போட்டுடலாம்" என்றால் அதற்கும் உடனே தலையாட்ட வேண்டாம். அளந்த எண்களை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லலாம். நல்ல லேத் பட்டறையில் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்கள்.

ரீபோர்தான் என்று முடிவானால் வரிசை முக்கியம். முதலில் பிஸ்டனை வாங்கி, பிளாக்கோடு சேர்த்து லேத்துக்குக் கொடுக்க வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் சைஸை நம்பாமல், கையில் இருக்கும் பிஸ்டனை அளந்துதான் கடைவார்கள்.