வீட்டுக்கு வந்த தீர்ப்பு: 14 நாட்களும் 10 ஆண்டுகளும்

போரினால் பாதிக்கப்பட்ட எமது பிரதேசங்களில் குடும்பப் பொறுப்பு முழுவதையும் தனியே சுமக்கும் பெண்கள் பலர். போருக்கு முன்னர் காணி உறுதி, வங்கிக் கடன், வழக்குத் தவணை என்பவற்றை வீட்டு ஆண்களே பார்த்துக்கொண்டனர். இன்று அந்தக் கடதாசிகள் எல்லாம் பெண்ணின் கைக்கே வந்து சேர்கின்றன. அவற்றுள் அவளை அதிகம் கலங்க வைப்பது நீதிமன்றத்திலிருந்து வரும் கடதாசியாகும்.

வழக்கு நடந்ததே தெரியாத நிலையில் தீர்ப்பு மட்டும் வீட்டுக்கு வருகின்றது. "எல்லாம் முடிந்து போச்சுது, இனி என்ன செய்யிறது?" என்று கூறி அதைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடும் பெண்களைக் களப்பணியில் நாம் காண்கின்றோம். ஆனால் எல்லாம் முடிந்துவிடவில்லை. உண்மையில் அந்தக் கடதாசி கைக்கு வந்த நாளிலிருந்துதான் அவளுக்குரிய காலம் ஓடத் தொடங்குகின்றது. அந்தக் காலத்தைப் பற்றித் தெரிந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒருதலைப்பட்சத் தீர்ப்பு என்றால் என்ன?

மாவட்ட நீதிமன்றத்தில் ஒருவர் வழக்குத் தொடுத்தால் எதிராளிக்கு அழைப்பாணை அனுப்பப்படும். அது சாதாரணமாகப் பதிவுத்தபாலில் வரும். அவ்வாறு சேராவிட்டால் பிஸ்கால் உத்தியோகத்தர் நேரில் கொண்டு வருவார். ஆளைக் காண முடியாவிட்டால் நீதிமன்றத்தின் அனுமதியோடு கடைசியாகக் குடியிருந்த வீட்டில் ஒட்டிவிட்டுச் செல்வதும் உண்டு. எதிராளி குறித்த நாளில் வராவிட்டால் அல்லது மறுமொழி கொடுக்காவிட்டால், வழக்காளியின் சாட்சியத்தை மட்டும் கேட்டு நீதிமன்றம் தீர்ப்பு வழங்கலாம். இதுவே ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகும். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 84 முதல் 88 வரையான பிரிவுகள் இதைப் பற்றிக் கூறுகின்றன.

எதிராளி வரவில்லை என்பதற்காக வழக்காளி கேட்டதையெல்லாம் நீதிமன்றம் கொடுத்துவிட முடியாது. கோரிய நிவாரணம் உண்மையிலும் சட்டத்திலும் அவருக்கு உரியதா என்று நீதிபதி ஆராய்ந்து திருப்திப்பட வேண்டும். 1995ஆம் ஆண்டின் இலங்கைச் சட்ட அறிக்கைகளில் வெளியான சிறிமாவோ பண்டாரநாயக்க எதிர் டைம்ஸ் ஒஃப் சிலோன் வழக்கில் உயர் நீதிமன்றம் இதனைத் தெளிவாகக் கூறியுள்ளது.

எமது மக்களின் நிலையை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1995இல் யாழ்ப்பாணத்து மக்கள் ஒரே இரவில் வீதிக்கு வந்தனர். 2009இல் வன்னி மக்கள் வவுனியா முகாம்களில் அடைபட்டிருந்தனர். இந்த ஆண்டுகளில் பழைய விலாசத்துக்குப் போன அழைப்பாணையை வாங்க வீட்டில் ஆள் இருக்கவில்லை. சில இடங்களில் வீடே இருக்கவில்லை.

14 நாட்கள்

ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வழங்கப்பட்டால் அதன் தீர்ப்பாணையின் பிரதி எதிராளிக்குக் கட்டாயம் சேர்ப்பிக்கப்பட வேண்டும். அது கைக்குக் கிடைத்து 14 நாட்களுக்குள், தீர்ப்பளித்த அதே மாவட்ட நீதிமன்றத்தில், தீர்ப்பை நீக்குமாறு மனுச் செய்யலாம். இது 86ஆம் பிரிவு தரும் உரிமையாகும். மனுவோடு சத்தியக்கடதாசி இணைக்கப்பட வேண்டும். வழக்காளிக்கும் அறிவித்தல் கொடுக்க வேண்டும்.

இந்த 14 நாட்கள் தீர்ப்பு வழங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. தீர்ப்பாணை சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்தே எண்ணப்படுகின்றன. தீர்ப்பு ஐந்து வருடம் பழையதாக இருந்தாலும், தீர்ப்பாணை நேற்றுத்தான் கைக்கு வந்தது என்றால் காலம் நேற்றுத்தான் தொடங்கியது. ஆகவே கடதாசி வந்த உடனேயே அதன் உறையில் திகதியை எழுதி, உறையையும் எறியாமல் வைத்திருப்பது மிக அவசியம். சனி, ஞாயிறு, போயா நாட்களைக் கழித்து எண்ணலாம் என்று நம்பியிருக்கவும் வேண்டாம். கொழும்பு நீதிமன்றத்திலிருந்து விளங்காத மொழியில் வந்தாலும் காலம் ஓடிக்கொண்டேயிருக்கும். அன்றைக்கே யாரிடமாவது காட்டி வாசிப்பித்துக்கொள்ள வேண்டும்.

14 நாட்கள் தவறினால் இந்தக் கதவு பெரும்பாலும் மூடிக்கொள்ளும். அதன் பின்னர் எஞ்சுவது மேல் நீதிமன்றங்களில் மீளாய்வு கோருவது மட்டுமே. அது விசேட சந்தர்ப்பங்களில்தான் கிடைக்கும்.

காரணமும் அத்தாட்சியும்

மனுச் செய்தவர் தாம் வராமைக்கு நியாயமான காரணம் இருந்தது என்று நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்த வேண்டும். அழைப்பாணை கிடைக்கவேயில்லை என்பது எல்லாவற்றிலும் வலுவான காரணமாகும். அழைப்பாணை சேராமல் எதிராளிக்கு எதிராகத் தீர்ப்பளிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று 1981ஆம் ஆண்டில் இத்தெபான எதிர் ஹேமாவதி வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் பிஸ்காலின் அறிக்கையில் 'சேர்ப்பிக்கப்பட்டது' என்று எழுதியிருந்தால், அது பிழை என்று காட்டும் பொறுப்பு எம்முடையதாகும்.

"நாங்கள் அப்ப இடம்பெயர்ந்திருந்தோம்" என்ற ஒரு வசனம் மட்டும் போதாது. எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை எங்கே இருந்தோம் என்பதற்குக் கடதாசி வேண்டும். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், முகாம் பதிவு அட்டை, மீள்குடியேற்றப் பதிவு, நிவாரண அட்டை, பிள்ளையின் பாடசாலை அனுமதிப் பதிவு, வைத்தியசாலைக் கிளினிக் கொப்பி ஆகிய எதுவும் உதவும். கடுமையான நோய், தடுத்து வைக்கப்பட்டிருந்தமை போன்றனவும் அத்தாட்சியோடு காட்டப்பட்டால் காரணங்களாக ஏற்கப்படலாம்.

காரணம் ஏற்கப்பட்டால் தீர்ப்பு நீக்கப்படும். ஆனால் வழக்கு வென்றுவிட்டது என்பது அதன் பொருளல்ல. வராமற்போன இடத்திலிருந்து வழக்கு மீண்டும் நடக்கும். எமது பக்கத்தைச் சொல்லும் வாய்ப்பே எமக்குக் கிடைக்கின்றது. வழக்குச் செலவு கட்டுமாறும் நீதிமன்றம் கூறலாம்.

மேன்முறையீடு எப்போது?

பலரும் பிழையாக விளங்கிக்கொள்ளும் இடம் இது. ஒருதலைப்பட்சத் தீர்ப்புக்கு எதிராக நேரடியாக மேன்முறையீடு செய்ய முடியாது. 88ஆம் பிரிவு அதைத் தடுக்கின்றது. முதலில் அதே நீதிமன்றத்தில் தீர்ப்பை நீக்குமாறு கேட்க வேண்டும். அந்த மனு மீது நீதிபதி காரணங்களோடு ஒரு கட்டளை வழங்குவார். நீக்க மறுத்தால் அந்தக் கட்டளைக்கு எதிராகவே மேன்முறையீடு செய்யலாம். நீக்கினால் வழக்காளிக்கும் அதே உரிமை உண்டு.

2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னர், மாவட்ட நீதிமன்றங்களிலிருந்து செல்லும் இத்தகைய மேன்முறையீடுகளை மாகாணத்தின் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றமே கேட்கின்றது. மேன்முறையீடா, அல்லது முதலில் அனுமதி கோரும் மனுவா என்பதைச் சட்டத்தரணி தீர்மானிப்பார். இரண்டில் எதுவாயினும் முதலாவது தவணை 14 நாட்கள்தான். எனவே கட்டளை வழங்கப்பட்ட அன்றே சட்டத்தரணியுடன் பேசிவிட வேண்டும். மனுப் போட்டவுடன் பிஸ்கால் தானாக நின்றுவிடுவார் என்றும் எண்ணக்கூடாது. தீர்ப்பை நிறைவேற்றாமல் தடுக்கும் கட்டளையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

காணிப் பிரிவினை வழக்குகளுக்கும், வங்கிகள் கடன் அறவிடும் விசேட சட்டத்தின் கீழ் தொடுக்கும் வழக்குகளுக்கும் வேறு விதிகள் உள்ளன. அவற்றில் தவணைகளும் வேறுபடும். கைக்கு வந்த கடதாசி எந்த வகை வழக்குக்குரியது என்பதையே முதலில் கேட்டறிய வேண்டும்.

கணவரின் பெயரில் வந்த தீர்ப்பு

போரில் கணவரை இழந்த பெண்ணிடம் அவரது கடனுக்கான தீர்ப்பு வரும்போது, தனது நகையும் உழைப்பும் போய்விடும் என்று அவள் அஞ்சுகின்றாள். 341ஆம் பிரிவின்படி, தீர்ப்புக் கடனாளி இறந்துவிட்டால் அவரது சட்டப் பிரதிநிதியை எதிர்மனுதாரராகச் சேர்த்தே தீர்ப்பை நிறைவேற்றக் கேட்க வேண்டும். அந்தப் பிரதிநிதியும், இறந்தவரின் சொத்தில் தம் கைக்கு வந்த அளவுக்கு மட்டுமே பொறுப்பாவார். மனைவி கூலிவேலை செய்து வாங்கிய தையல் மெசின் கணவரின் சொத்து அல்ல. ஆனால் அவள் தானும் கடனாளியாகவோ பிணையாளியாகவோ கையொப்பமிட்டிருந்தால் நிலைமை வேறு.

கணவர் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால் மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத பெண்கள் உண்டு. 2010ஆம் ஆண்டின் மரணங்கள் பதிவு தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் 2016இல் திருத்தப்பட்ட பின்னர், மரணத்தை ஏற்காமலே 'காணாமற்போனமைச் சான்றிதழ்' பெற வழியுண்டு. கணவர் வழக்குக்கு வர முடியாத நிலையில் இருந்தார் என்பதைக் காட்டவும் இத்தகைய பத்திரம் உதவக்கூடும்.

உறங்கிக் கிடக்கும் தீர்ப்பு

சில தீர்ப்புகள் வழங்கப்பட்டபின் பல வருடங்கள் ஒருவராலும் தொடப்படாமல் கிடக்கின்றன. பிறகு திடீரென எழுந்து வருகின்றன. இதற்கும் சட்டம் எல்லை வைத்துள்ளது. 337ஆம் பிரிவின்படி, தீர்ப்பாணையின் திகதியிலிருந்து, அல்லது மேன்முறையீட்டில் அது உறுதிசெய்யப்பட்ட திகதியிலிருந்து, 10 ஆண்டுகள் கடந்தபின் அதை நிறைவேற்றும் மனு அனுமதிக்கப்படக் கூடாது. பணத்தை அல்லது ஆதனத்தை ஒரு குறித்த நாளில் கொடுக்குமாறு தீர்ப்பாணை கூறினால், கொடுக்கத் தவறிய நாளிலிருந்து அந்த 10 ஆண்டுகள் எண்ணப்படும். தடையுத்தரவுத் தீர்ப்பாணைகளுக்கு இந்த எல்லை பொருந்தாது. கடனாளி மோசடியால் அல்லது பலாத்காரத்தால் நிறைவேற்றலைத் தடுத்திருந்தால் அதற்கும் விதிவிலக்கு உண்டு.

தீர்ப்பாணை வழங்கி ஒரு வருடத்துக்கு மேல் கழிந்திருந்தால், கடனாளிக்கு மனுவின் பிரதி சேர்ப்பிக்கப்பட்டு அவரது பக்கமும் கேட்கப்பட வேண்டும் என்பது 347ஆம் பிரிவின் பொது விதியாகும். வழங்கப்பட்ட எழுத்தாணை ஒன்று, புதுப்பிக்கப்படாவிட்டால் ஒரு வருடத்துக்கே செல்லுபடியாகும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். கணவனும் மனைவியும் பெற்ற கடனுக்கு 2010 மார்ச்சில் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வழங்கப்பட்டது. அப்போது அவர்கள் முகாமில் இருந்தனர். தீர்ப்பாணை கைக்குக் கிடைக்கவில்லை. 2021 யூனில் முதற்தடவையாக எழுத்தாணை கோரி மனுச் செய்யப்படுகின்றது. இங்கே அந்தப் பெண்ணுக்கு இரண்டு வாதங்கள் உண்டு. 10 ஆண்டுகள் கடந்துவிட்டன என்பது ஒன்று. அழைப்பாணையோ தீர்ப்பாணையோ தனக்குச் சேரவில்லை என்பது மற்றையது. ஆனால் தீர்ப்பாணை வழங்கப்பட்ட திகதி தெரியாமல் இந்த வாதங்களை முன்வைக்க முடியாது. எனவே பதிவாளரிடம் விண்ணப்பித்து வழக்கேட்டைப் பார்த்து, உறுதிப்படுத்திய பிரதிகளைப் பெறுவதே முதல் வேலையாகும்.

இதே விதி எமக்கு எதிராகவும் நிற்கலாம். காணிக்கோ நட்டஈட்டுக்கோ வழக்காடி வென்ற பெண்கள், இடம்பெயர்வினால் தீர்ப்பை நிறைவேற்றாமல் விட்டதுண்டு. போர் நடந்தது என்ற காரணத்துக்காக 337ஆம் பிரிவு காலத்தை நீட்டித் தராது. 2016ஆம் ஆண்டின் காலவிதிப்பு விசேட ஏற்பாடுகள் சட்டம் போரினால் வழக்காட முடியாதோருக்கு இரண்டு வருட வாய்ப்பைக் கொடுத்தது. அந்த வாய்ப்பும் 2018இல் முடிந்துவிட்டது. எனவே வென்ற தீர்ப்பு ஒன்று கையில் இருந்தால் அதன் திகதியை இன்றே பாருங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

கடதாசி வந்த அன்றே திகதியைக் குறியுங்கள். வழக்கு இலக்கத்தையும் நீதிமன்றத்தின் பெயரையும் எழுதி வையுங்கள். வாசிக்காமல் எதிலும் கையொப்பமிட வேண்டாம். எதிர்த்தரப்பார் கொண்டுவரும் இணக்கக் கடதாசியையும் சட்டத்தரணிக்குக் காட்டிய பின்னரே ஒப்புக்கொள்ளுங்கள். பணவசதி இல்லாதவர்கள் 1978ஆம் ஆண்டின் சட்டத்தினால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம். வருமானத்தைக் கிராம அலுவலர் மூலம் உறுதிப்படுத்திக்கொண்டு சென்றால் அலைச்சல் குறையும். பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் வழிகாட்டுவார்.

நீதிமன்றக் கடதாசி வந்தது என்று அயலவருக்குத் தெரிந்தால் அவமானம் என்று கருதும் வழக்கம் எமது சமூகத்தில் உண்டு. அந்த வெட்கத்தினால் பெட்டிக்குள் மறைத்து வைக்கும் ஒவ்வொரு நாளும் 14 நாட்களில் ஒன்றாகக் கழிகின்றது. பக்கத்து வீட்டுச் சகோதரிக்கு அப்படியொரு கடதாசி வந்தால், அவளுடன் கூடவே நீதிமன்றம் வரை போய் வாருங்கள். தனியே போகப் பயந்து வீட்டில் இருந்துவிடும் பெண்ணுக்கு அதுவே பெரிய உதவியாகும்.