பதினைந்தாவது ஆள்

கொழும்பு புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் என் நண்பர் ஒருவரின் கடையில் பல வருடங்களாகப் பதினான்கு பேர்தான் வேலை செய்கிறார்கள். பெருநாள் வியாபாரத்தில் மூச்சுவிட நேரமில்லாமல் போனாலும் இன்னொருவரை நிரந்தரமாக எடுக்க மாட்டார். "பதினைந்தாவது ஆளை எடுத்தால் சட்டம் கடைக்குள்ளே வந்து உட்கார்ந்துவிடும் நானா" என்பார்.

அவர் சொல்வது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தை. வேலையாளர்களின் தொழிலை முடிவுறுத்துவது பற்றிய சட்டம் அது. சராசரியாக 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாட்கள் வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் தவிர வேறு காரணத்துக்காக நிறுத்துவதானால் அவரது எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். வியாபாரம் விழுந்துவிட்டது என்று சொன்னாலும் இதே வழிதான்.

அனுமதி கிடைத்தால் நட்டஈடு கட்ட வேண்டும். முன்பு எவ்வளவு என்பது ஆணையாளரின் தீர்மானத்தில் தங்கியிருந்தது. 2005இல் அதற்கொரு கணக்கு வந்தது. முதல் ஐந்து வருடங்களுக்கு வருடமொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம், அடுத்த ஒன்பது வருடங்களுக்கு இரண்டு மாதம், பிறகு படிப்படியாகக் குறையும். 40,000 ரூபா சம்பளத்தில் பத்து வருடம் நின்றவருக்கு இருபத்திரண்டரை மாதம், அதாவது 9 இலட்சம் ரூபா. பணிக்கொடை இதற்குப் புறம்பு. உச்ச வரம்பு 12.5 இலட்சமாக இருந்து, 2021இல் 25 இலட்சமாக்கப்பட்டது.

தொழிற்சந்தை நெகிழ்வு என்று பொருளியலாளர்கள் பேசுவது இந்த இடத்தைத்தான். ஆளை எடுக்கவும் நிறுத்தவும், வேலை நேரத்தையும் சம்பளத்தையும் மாற்றவும் முதலாளிக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதே கேள்வி. நிறுத்துவது கஷ்டமானால் எடுக்கவும் தயங்குவான் என்பது ஒரு பக்க வாதம். வியாபாரி என்ற முறையில் அதில் உண்மை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் நெகிழ்வை அதிகரித்தால் வேலையின்மை குறைந்துவிடும் என்பது அவ்வளவு லேசான விஷயமல்ல. 1994இல் நெகிழ்வை வலியுறுத்திய ஓ.ஈ.சீ.டி. அமைப்பே, மொத்த வேலையின்மையோடு இதற்குள்ள தொடர்பு தெளிவாயில்லை என்று 2004இல் எழுத நேர்ந்தது. கடும் சட்டத்தினால் முதலில் பாதிக்கப்படுவது புதிதாக வேலை தேடும் இளைஞர்களும் பெண்களும்தான் என்பதற்கு மட்டும் ஓரளவு சான்று இருந்தது.

எங்கள் நாட்டில் நடந்தது வேறு. சட்டம் இறுக்கமாக இருந்தது, நெகிழ்வு பின்கதவால் வந்தது. அந்தப் பின்கதவுக்குப் பெயர் மேன்பவர். ஒரே தொழிற்சாலை, ஒரே மெஷின், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேர். ஒருவர் தொழிற்சாலையின் ஊழியர். மற்றவர் ஏஜென்சி அனுப்பியவர், நாளைக்கு வர வேண்டாம் என்றால் கதை முடிந்தது. 2020இல் கொரோனாவினால் தொழிற்சாலைகள் மூடியபோது, வேலைக்கு அழைக்கப்படாதவருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, இவற்றில் கூடியதைக் கொடுப்பதென்று அரசும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் உடன்பட்டன. மேன்பவர் மூலம் வந்தவர்கள் பலர் அந்தக் கணக்கில் வரவேயில்லை.

ஸ்பெயின் இதைப் பெரிய அளவில் பார்த்த நாடு. நிரந்தர ஊழியரின் பாதுகாப்பைத் தொடாமல், 1984இல் தற்காலிக ஒப்பந்தங்களுக்குக் கதவைத் திறந்தது. வேலை பெருகியது உண்மை. ஆனால் 1990களில் ஊழியரில் மூன்றிலொருவர் தற்காலிகமாகவே இருந்தார். 2008இல் நெருக்கடி வந்ததும் அவர்களே முதலில் தெருவுக்கு வந்தார்கள். 2013 அளவில் வேலையின்மை 25 வீதத்தையும் தாண்டியது. 2021 இறுதியில்தான் தற்காலிக ஒப்பந்தங்களை இறுக்கினார்கள். டென்மார்க்கில் ஆளை நிறுத்துவது ஒப்பீட்டளவில் சுலபம். ஆனால் காப்புறுதி நிதியில் சேர்ந்திருந்தவருக்கு இரண்டு வருடம் வரை கொடுப்பனவு கிடைக்கும்.

பதினான்கோடு நின்றால் தப்பலாம் என்று என் நண்பரைப் போல நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஒரேயொருவர் வேலை செய்தாலும் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் கட்ட வேண்டும், நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 வீதம். அநியாயமாக நிறுத்தப்பட்டவர் சிறிய கடையிலிருந்தும் தொழில் நியாய மன்றத்துக்குப் போகலாம்.

இதைச் சொல்லும் நானும் சுத்தமானவனல்ல. இரண்டாவது கடையைத் திறந்தபோது அதை மச்சானின் பெயரில் பதிந்தேன். ஒரே லாச்சி, இரண்டு பதிவு. ஒன்றில் எட்டுப் பேர், மற்றதில் ஒன்பது பேர். சட்டம் அதை ஒரே நிறுவனமாகப் பார்த்திருக்கக்கூடும், யாரும் கேட்கவில்லை. 2008இல் அந்தக் கடையை மூடியபோது பதினொரு வருடம் நின்ற ஒருவர் மூன்று மாதச் சம்பளத்தோடு போனார். சட்டக் கணக்கின்படி அது இருபத்திநாலரை மாதம்.

2023இல் எல்லாத் தொழிற்சட்டங்களையும் ஒன்றாக்கும் யோசனை வந்தபோது தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அந்தப் பயம் நியாயமானது. நட்டஈட்டைக் குறைப்பதற்கு ஒரு வர்த்தமானி போதும், வேலையிழந்தவருக்குக் காப்புறுதி நிதியொன்றைக் கட்டியெழுப்ப வருடங்கள் பிடிக்கும். ஆகவே நிதி முதலில் வர வேண்டும், மேன்பவர் ஊழியரும் அதற்குள் வர வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நண்பரிடம் கேட்டேன், அப்படியொரு நிதிக்கு மாதம் ஒரு வீதம் கட்டுவீர்களா என்று. கொஞ்சம் யோசித்தார். "பதினைந்தாவது ஆளைப் பயமில்லாமல் எடுக்கலாமென்றால் கட்டுவேன்" என்றார்.