கத்தரியிற் சிற்றிலை நோயும் அதனைப் பரப்பும் இலைத்தத்தியும்

கத்தரித் தோட்டத்திலே சில செடிகள் காய்க்காது, புதர்போலத் தழைத்து நிற்பதைக் கமக்காரர் கண்டிருப்பர். இலைகள் மலிந்திருத்தலால், பிந்தியேனும் காய்க்குமென நம்பி அவற்றுக்கு நீர் இறைத்துப் பசளையும் இடுவோர் உளர். நோயுற்ற அச்செடி இனிப் பயன்தரப்போவதில்லை. அது நிற்கும் ஒவ்வொரு நாளும் அயற்செடிகளுக்குக் கேடு விளையும்.

நோயின் அறிகுறிகள்

புதிய இலைகள் சிறுத்து, ஒடுங்கி, மென்மையாகி, வெளிறிய நிறமடையும். இலைக்காம்பு மிகக் குறுகுவதால், இலைகள் தண்டோடு ஒட்டியிருப்பன போலத் தோன்றும். கணுவிடைகளும் குறுகும். கக்கவரும்புகள் பலவும் துளிர்ப்பதனால் செடி புதராகும். பூக்கள் பச்சை நிறமடைந்து இலைபோல மாறுவதுமுண்டு.

நோய்க்குக் காரணம்

இத்தகைய நோய்கள் வைரசினால் உண்டாகின்றன என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1967 ஆம் ஆண்டில் யப்பானிய ஆராய்ச்சியாளர், முசுக்கட்டை முதலிய செடிகளின் இதுபோன்ற நோய்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து, வேறொரு நுண்ணுயிரைக் கண்டனர். பைற்றோபிளாஸ்மா எனப்படும் இது, கலச்சுவரில்லாத ஒருவகைப் பற்றீரியா ஆகும். செடியின் உணவைக் கடத்தும் உரியக் குழாய்களினுள்ளே இது வாழ்வதால், இலைமேல் தெளிக்கும் பங்கசுநாசினிகள் இதனை அழிப்பதில்லை.

பரவும் விதம்

இந்நோயைப் பரப்புவது, தொட்டவுடன் துள்ளிப் பாயும் சிறிய இலைத்தத்தியாகும். அது நோயுற்ற செடியின் சாற்றை உறிஞ்சும்போது நுண்ணுயிரும் உட்செல்கின்றது. அந்நுண்ணுயிர் பூச்சியின் உடலிற் பெருகி, சில வாரங்களில் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகின்றது. அதன்பின் அப்பூச்சி தன் ஆயுள் முழுவதும் நோயைப் பரப்பவல்லது. கத்தியிலோ கையிலோ படும் சாற்றினால் இந்நோய் பரவுவதில்லை.

செய்யவேண்டியவை

1. தோட்டத்தை அடிக்கடி சுற்றிப் பார்த்து, நோயுற்ற செடியைக் கண்ட அன்றே அகற்றுக. செடியை அசைத்தால் தத்திகள் அயற்செடிகளுக்குப் பாயும். ஆதலால் முதலிற் சாக்கினால் மூடி, பின்பு வேரோடு பிடுங்கி, எரித்துவிடுக அல்லது ஆழப் புதைத்துவிடுக.

2. நாற்றுமேடையை நுண்ணிய வலையால் மூடிப் பாதுகாக்குக.

3. காய்த்து ஓய்ந்த பழைய செடிகளைத் தோட்டத்தில் விட்டுவைக்கற்க. அவற்றின் அருகே புதிய நாற்றுக்களை நடற்க.

4. வேலியோரத்து ஊமத்தையிலும் பட்டிப்பூச் செடியிலும் இத்தகைய அறிகுறிகள் தோன்றின், அவற்றையும் அகற்றுக.

5. தத்திகள் மிகுந்து காணப்படின், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனைப்படி மாத்திரம் பூச்சிநாசினி தெளிக்குக. அது தத்தியைக் கொல்லுமேயன்றி, நோயுற்ற செடியைக் குணப்படுத்தாது.

வளர்த்த செடியைப் பிடுங்க மனம் வருவது எளிதன்று. எனினும் இன்று ஒரு செடியைப் பிடுங்கத் தயங்குவோர், நாளை ஒரு பாத்தியையே பிடுங்க நேரிடலாம்.