புதிய கணினியும் பழைய கோப்புகளும்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. என்னுடைய பழைய கணினிக்கோ விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதி இல்லை. ஆகவே, புதிய மடிக்கணினி ஒன்றை வாங்கினேன். அதை என் வழிக்குக் கொண்டுவரப் பத்து நாள்கள் ஆயின. அந்தப் பத்து நாள்களில் கற்றவை வேறு சிலருக்கும் பயன்படலாம்.

முதலில் தொல்லை தந்தது திரை. எழுத்துகள் எறும்பு ஊர்வதுபோல் தெரிந்தன. திரையின் தெளிதிறனைக் குறைத்துப் பார்த்தேன். எழுத்துகள் பெரிதாயின, ஆனால் மங்கிவிட்டன. 'ன்' என்பதன் மேலுள்ள புள்ளி எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருந்தது. காரணம் எளிய கணக்குதான். பழைய கணினியின் 15.6 அங்குலத் திரையில் 1366-க்கு 768 என்ற அளவில் புள்ளிகள் இருந்தன. அதாவது அங்குலத்துக்கு ஏறக்குறைய 100. புதியது 14 அங்குலத் திரை. புள்ளிகளோ 1920-க்கு 1080. அங்குலத்துக்கு ஏறக்குறைய 157. ஓர் எழுத்துக்கு அதே எண்ணிக்கையில் புள்ளிகளை ஒதுக்கினால் அது சிறுத்துத்தானே தெரியும்? தெளிதிறனை மாற்றக் கூடாது. அமைப்புகளில் சிஸ்டம், டிஸ்ப்ளே என்று சென்று 'ஸ்கேல்' என்னும் அளவை 150 விழுக்காடாக்க வேண்டும். அப்போது ஓர் எழுத்தை வரைவதற்குக் கூடுதல் புள்ளிகள் செலவாகும். சுழியும் கொம்பும் நிறைந்த தமிழ் எழுத்துக்கு அந்தச் செலவு தகும்.

அடுத்து வந்ததுதான் என்னைக் கலங்க வைத்தது. 1998-இல் புதுச்சேரியின் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 34 பேரிடம் பேட்டி கண்டு வைத்திருந்தேன். 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு ஆட்சியில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 12 தொழிலாளர்கள் மாண்டதை இவ்வூரார் அறிவர். அந்நாளில் சிறுவர்களாக இருந்தவர்கள் சிலரும் என்னிடம் பேசியவர்களுள் உண்டு. இன்று ஆலைகளும் இல்லை. பேசியவர்களும் பெரும்பாலோர் இல்லை. பத்து ஆண்டுகளுக்கு முன்பு என் மாணவர் ஒருவர் அந்தக் கோப்புகளை ஒரு புறவன்தட்டில் சேமித்துத் தந்திருந்தார். அதைப் புதிய கணினியில் செருகியதும் ஒரு செய்தி தோன்றியது: இந்தத் தட்டைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும்.

கணினியை அமைத்துக் கொடுக்க வந்திருந்த இளைஞர், "தட்டு கெட்டுப்போச்சு சார், ஃபார்மட் பண்ணிடலாமா?" என்று கேட்டார். அவர் கை ஏற்கெனவே சுட்டியின் மேல் இருந்தது. நான் வேண்டாம் என்றேன். அது அறிவால் சொன்னதன்று, அச்சத்தால் சொன்னது.

உண்மையில் தட்டு கெடவில்லை. எந்தக் கோப்பு தட்டில் எங்கே இருக்கிறது என்று பதிந்து வைக்கும் ஏற்பாட்டுக்குக் கோப்பு முறைமை என்று பெயர். நூலகத்தின் அட்டைப் பட்டியல் போன்றது. விண்டோஸ் தன் பட்டியலை என்.டி.எஃப்.எஸ். முறையில் எழுதும். லினக்ஸ் பெரும்பாலும் எக்ஸ்ட்4 முறையில் எழுதும். என் மாணவர் விழுப்புரம் மாவட்டத்துக்காரர். தமிழக அரசின் இலவச மடிக்கணினி பெற்றவர். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அதில் இருந்தது. அதில் வைத்தே அவர் தட்டைத் தயார் செய்திருக்கிறார். விண்டோஸுக்கு அந்தப் பட்டியலைப் படிக்கத் தெரியவில்லை. உடனே, புதுப் பட்டியல் எழுதட்டுமா என்று கேட்கிறது. சரி என்றால் பழைய பட்டியல் போய்விடும்.

அம்மாணவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "ஐயா, எதையும் அழுத்தாதீர்கள்" என்றார். ஞாயிறன்று தம் லினக்ஸ் கணினியுடன் வந்தார். தட்டு உடனே திறந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் படிக்கக்கூடிய எக்ஸ்ஃபேட் முறையில் அமைத்த வேறொரு தட்டுக்கு எல்லாவற்றையும் படியெடுத்தார். பழைய ஃபேட்32 முறையையும் மூன்றும் படிக்கும். ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது.

கோப்புகள் கிடைத்தன. திறந்தால் தமிழைக் காணோம். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் பக்கம் பக்கமாக நின்றன.

1998-இல் நேரு வீதியிலிருந்த ஒரு தட்டச்சு நிலையத்தில் 'பாமினி' எழுத்துருவில் அவற்றை அடித்துத் தந்தார்கள். அந்த முறையில் 'அம்மா' என்று அடித்தால் கோப்பில் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகள். 109 என்பது ஆங்கில எம் எழுத்தின் எண். பாமினி அந்த எண்ணுக்கு 'அ' என்ற உருவத்தை வரைந்து காட்டும். எழுத்துரு இல்லாத கணினி உள்ளதை உள்ளபடியே காட்டுகிறது. ஒருங்குறியில் 'அ'வுக்கு 2949 என்ற தனி எண் உண்டு. வேறெந்த மொழி எழுத்துக்கும் அந்த எண் கிடையாது.

ஒருங்குறியின் முதல் பதிப்பு வெளியான 1991-லேயே தமிழுக்கு அதில் இடம் இருந்தது. சாதாரணக் கணினியில் அது கைக்கு எட்டியது விண்டோஸ் 2000-க்குப் பிறகுதான். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு டாம், டாப் என்னும் குறியேற்றங்களைப் பரிந்துரைத்தது. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. ஆயினும் அச்சகங்கள் பலவற்றில் இன்றும் பழைய எழுத்துருவே கோலோச்சுகிறது. பொருளியல் மாணவர்க்கு இது புதிதன்று. ஆங்கிலத் தட்டச்சு விசைகளின் வரிசையை எடுத்துக்காட்டி, பழகிய தரம் சிறந்ததாக இல்லாவிட்டாலும் நிலைத்துவிடும் என்று பால் டேவிட் 1985-இல் எழுதிய கட்டுரையை வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். புதுச்சேரிக்கு 1879-இல் வந்த மீட்டர் பாதை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்ததையும் சொல்வேன். அதே சிக்கலில் என் கோப்புகளும் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

பாமினியை நிறுவியதும் எழுத்துகள் தமிழாயின. ஆனால் அது போதாது. தேட முடியாது, மின்னஞ்சலில் அனுப்பினால் மீண்டும் அதே கதை. எழுத்துரு மாற்றி மென்பொருள்கொண்டு ஒருங்குறிக்கு மாற்றினேன். மாற்றி, ஆங்கிலச் சொற்களையும் தமிழென்று கருதிக் குளறுபடி செய்யும். எனவே மூலத்தை அருகில் வைத்து வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும். ஒரு பேட்டிக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது.

புதிய மடிக்கணினி வாங்குவோர்க்கு இன்னொன்று. அதன் வட்டு பெரும்பாலும் பிட்லாக்கரால் பூட்டப்பட்டே வருகிறது. அதைத் திறக்கும் 48 இலக்க மீட்பு எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பழுது நேரும் நாளில் அந்தக் கணக்குக்குள் நுழைய முடியாமல் போகலாம். இப்போதே தாளில் எழுதி வையுங்கள்.

34 பேட்டிகளில் இதுவரை 19 முடிந்திருக்கின்றன. இரண்டு கோப்புகள் பாமினிக்கும் வசப்படவில்லை. வேறு ஏதோ எழுத்துரு. அவற்றுள் ஒன்று, 1936-இல் தந்தையை ஆலை வாயிலில் பறிகொடுத்த முதலியார்பேட்டைப் பெரியவர் ஒருவருடையது. தட்டச்சு நிலையத்தில் அந்நாளில் பணிபுரிந்த அம்மையார் அரியாங்குப்பத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். எழுத்துருவின் பெயர் அவருக்கு நினைவிருக்குமா என்று கேட்க, அடுத்த வாரம் போகிறேன்.