நாக்குழறினும் அறிவு குழறுவதில்லை

பாரிசவாதத்தினால் தாக்குண்ட பெரியவர் ஒருவர் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்புகின்றார். நலம் விசாரிக்க வந்த உறவினருக்கு அவர் ஏதோ கூற முயல்கின்றார்; சொற்கள் குழறி வெளிவருகின்றன. "பாவம், புத்தியும் பேதலித்துவிட்டது" என்று அவர் காதுபடவே கூறிவிட்டு, வந்தவர்கள் வீட்டாருடன் பேசத் தொடங்குகின்றனர். பெரியவரின் கண்களில் நீர் மல்குகின்றது. சொன்னது அவருக்கு விளங்கிற்று. விளங்கியதென்று சொல்லத்தான் நா இடந்தரவில்லை. எமது இல்லங்களில் நிகழும் இப் பிழையைத் தவிர்க்க, பேச்சுக் குழறலின் இயல்பை நாம் ஓரளவேனும் அறிந்திருத்தல் வேண்டும்.

பேச்சுப் பிறக்குமாறு

மூச்சுக்காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தங்கி, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றின் தொழிலால் எழுத்தொலியாகின்றதெனத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் விளக்கும். இவ்வுறுப்புகளை இயக்குவது மூளை. பாரிசவாதமோ வீதி விபத்தோ மூளையைத் தாக்கும்போது, பேச்சு மூன்று வழிகளில் கெடலாம்.

வீணை வாசிப்பவனை எண்ணிப் பார்ப்போம். இராகமே நினைவுக்கு வராவிடின் அது ஒரு குறை. சொற்களும் அவற்றின் பொருளும் கைகூடாத 'அபேசியா' அத்தகையது. இராகம் தெரிந்தும், விரல்களில் வலுவிருந்தும், எந்த விரலை எப்போது எங்கே வைப்பதென்னும் ஒழுங்கு பிசகுவது மற்றொரு குறை, அது 'அப்ரக்ஸியா'. இராகமும் ஒழுங்கும் தெரிந்தும் விரல்கள் சோர்ந்தோ விறைத்தோ நடுங்கியோ போவது மூன்றாவது, அது 'டிஸார்த்ரியா'. பின்னைய இரண்டுமே பேச்சின் இயக்கக் குறைகள். ஒருவருக்கே இவை ஒன்றுக்கு மேற்பட்டும் வரலாம்.

செவி கூறும் செய்தி

அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த டார்லி, அரன்சன், பிரௌன் என்னும் மூவர், 212 நோயாளரின் பேச்சைப் பதிவு செய்து, 38 கூறுகளாக மதிப்பிட்டு, முடிவுகளை 1969ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சிறுமூளை தாக்கப்பட்டவரின் பேச்சு ஒழுங்கின்றித் தடுமாறும். பார்க்கின்சன் நோயாளரின் குரல் தாழ்ந்து ஒரே சுருதியில் ஒலிக்கும். மூளையின் இரு புறத்து இயக்க நரம்புப் பாதைகளும் பழுதுற்றவரின் பேச்சு இறுகி மெதுவாக வரும். குழறலைக் கேட்டே பழுதுற்ற இடத்தை ஊகிக்கலாம் என்பதை அவர்கள் காட்டினர்.

பேச்சுச் சிகிச்சையாளர் செய்யும் சோதனை எளிமையாகவே தோன்றும். 'ஆ' என்று ஒரே மூச்சில் நீட்டச் சொல்வார். மூச்சும் குரலும் தெரியவரும். 'ப, ப, ப' என்று விரைந்து கூறச் சொல்வார். நலமுள்ள வளர்ந்தோர் விநாடிக்கு 5 முதல் 7 முறை கூறுவர். அடுத்து 'ப, த, க' என்று மாற்றி மாற்றிக் கூற வேண்டும். இதழும் நாநுனியும் நாவின் பின்புறமும் முறையே தொழிற்படுவதை இது காட்டும். தனி எழுத்தைத் திருப்பிக் கூற வல்லவர் இம் மூன்றையும் தொடுக்கும்போது தடுமாறித் தேடினால், அப்ரக்ஸியாவை ஐயுறலாம். இத்தகையோர் ஒன்று, இரண்டு என எண்ணும்போது தெளிவாகக் கூறி, அதே சொல்லைக் கேட்டவுடன் கூறமாட்டாது திகைப்பதும் உண்டு.

சிகிச்சை

நோய் வேறாயின் பயிற்சியும் வேறாகும். டிஸார்த்ரியா உள்ளவர் நிமிர்ந்து அமர்ந்து, ஒரு மூச்சுக்குச் சில சொற்களாக மெதுவாகப் பேசப் பழகுவார். சொல்லுக்கு ஒரு முறை விரலால் மேசையைத் தட்டுவதும், ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் எழுத்துப் பலகையில் சுட்டியவாறு பேசுவதும் வேகத்தை அடக்கும், கேட்பவருக்கும் உதவும்.

அப்ரக்ஸியாவுக்கு ரோசன்பெக் முதலான அறிஞர்கள் 1973இல் ஒரு படிமுறையை வகுத்தனர். சிகிச்சையாளரின் வாயைப் பார்த்து, கேட்டு, முதலில் அவருடன் சேர்ந்து கூறுதல். பின்னர் அவர் குரல் அடங்க, தாமே கூறுதல். பலமுறை சொல்லிப் பழகுவதே இதன் உயிர்நிலை. நாவை நீட்டுவதும் ஊதுவதும் மட்டும் போதா. பேச்சு பேசியே திருந்தும்.

வீட்டார் கடன்

வானொலியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டு, முகம் தெரிய எதிரே அமருங்கள். அவர் வாக்கியத்தை நீங்கள் முடித்துவிடாதீர்கள். விளங்காததை விளங்கியதாக நடிக்கவும் வேண்டாம். விளங்கிய பகுதியைக் கூறி, எஞ்சியதை மட்டும் கேளுங்கள். குழந்தையிடம் பேசுவது போலப் பேசாதீர்கள். நீர் அருந்தும்போது புரையேறினால் உடனே வைத்தியரிடம் கூறுங்கள். பேசும் தசைகளே விழுங்கவும் உதவுகின்றன. பேச்சு திடீரெனக் குழறத் தொடங்கினாலோ சிறிதும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

மூளைக் காயம் சில வேளை நினைவையும் தாக்கலாம். ஆயினும், குழறலை மட்டும் கொண்டு அறிவை அளத்தல் தகாது. அடுத்த முறை அத்தகைய ஒருவரைக் காணச் செல்லும்போது, வீட்டாரிடம் கேட்பதற்கு முன் அவரிடமே "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டு, விடை வரும்வரை காத்திருப்போம். அவருக்கு நாம் செய்யக்கூடிய முதற் சிகிச்சை அதுவேயாகும்.