பழைய கார் சூடாகிறதா? எப்போது சூடாகிறது என்று பாருங்க!

பதினைந்து வருஷம் ஓடிய கார் உங்கள் வீட்டில் இருக்கிறதா? கோடை வெயிலில் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறினால், "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீங்க. வயதானதால் மட்டும் இன்ஜின் கொதிப்பதில்லை. குளிர்விக்கும் அமைப்பில் ஏதோ ஒரு பாகம் சரியாக வேலை செய்யாததால்தான் கொதிக்கிறது. அது எந்தப் பாகம் என்பதை, வண்டி எப்போது சூடாகிறது என்பதை வைத்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். தேவையில்லாத பாகங்களை மாற்றும் செலவும் மிச்சம்.

முதலில் பாதுகாப்பு

முள் ஏறியதும் ஏசியை அணைத்துவிட்டு, பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டுங்க. நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டு, இன்ஜினை நிறுத்துங்க. உடனே நிறுத்த இடமில்லை என்றால் ஹீட்டரை முழு அளவில் வையுங்க. இன்ஜினின் சூட்டில் ஒரு பகுதி அதன் வழியாக வெளியேறும்.

இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே இருக்கும் தண்ணீர் அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய், அந்தத் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி முகத்திலும் கையிலும் பீய்ச்சி அடிக்கும். குறைந்தது முக்கால் மணி நேரம் காத்திருங்க. மேல் ஹோஸ் நன்றாக ஆறிய பிறகு, தடிமனான துணியைப் போட்டு மெதுவாகத் திறங்க. சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடலாம்.

தவறிப்போய் வெந்நீர் பட்டுவிட்டால், அந்த இடத்தில் 20 நிமிடம் சாதாரணக் குழாய்த் தண்ணீரை ஓடவிடுங்க. பற்பசை, இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். முகத்திலோ கண்ணிலோ பட்டிருந்தால் 108-ஐ அழையுங்க.

எப்போது சூடாகிறது?

1. சிக்னலில் நிற்கும்போது சூடாகி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால்: ஃபேனைச் சந்தேகப்படுங்க. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது ஃபேன் மட்டும்தான். வண்டி சூடாகாத நேரத்தில் இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்க. பெரும்பாலான கார்களில் எலெக்ட்ரிக் ஃபேன் சுற்றத் தொடங்கும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டார் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்க. கையை ஃபேன் பக்கம் கொண்டுபோகாதீங்க. இன்ஜினை நிறுத்திய பிறகும் சில கார்களில் அது தானாகச் சுற்றும்.

2. நெடுஞ்சாலை வேகத்திலோ மலைப்பாதையிலோ சூடானால்: ரேடியேட்டர் அடைப்பு, தேய்ந்த வாட்டர் பம்ப், குறைந்த கூலன்ட் ஆகியவை முதல் காரணங்கள். ஊருக்குள் சரியாக ஓடும் வண்டி, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது திணறலாம். வருஷக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரில் உப்பு படிந்து குழாய்கள் அடைத்துக்கொள்ளும். கூலன்ட்டையே பயன்படுத்துங்க. அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தால், பிறகு அதை வடித்துவிட்டு கூலன்ட் நிரப்பச் சொல்லுங்க.

3. கிளம்பிய சில நிமிடங்களிலேயே சூடானால்: கூலன்ட் அளவைப் பாருங்க. அளவு சரி என்றால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருப்பது இதற்கு அடையாளம். "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுட்டா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீங்க. அது இல்லாவிட்டால் இன்ஜின் தேவையான சூட்டை அடைய நேரமாகும், மைலேஜும் குறையும். புதிதாக மாற்றுவதே சரி.

4. தரையில் ஒழுகல் இல்லை, ஆனால் கூலன்ட் குறைந்துகொண்டே போனால்: ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். சைலன்சரில் தொடர்ந்து வெள்ளைப் புகை வருகிறதா? இன்ஜின் ஆயில் பால் கலந்த காபி போல இருக்கிறதா? ஆம் என்றால் வண்டியை ஓட்டாதீங்க. இழுவை வண்டியில் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்க. இன்னும் சில கிலோமீட்டர் ஓட்டினால் இன்ஜினே வீணாகிவிடலாம்.

இன்னொரு எச்சரிக்கை: கூலன்ட் முழுவதும் வடிந்துவிட்டால் டெம்பரேச்சர் முள் கீழே இறங்கியும் காட்டலாம். சூட்டை அளக்கும் சென்சாரைச் சுற்றித் தண்ணீர் இருந்தால்தான் அது சரியாகக் காட்டும். அதனால் ஏறிய முள் திடீரென விழுந்தால் "சரியாயிடுச்சு" என்று நினைக்காமல் வண்டியை நிறுத்துங்க.

உங்கள் போனைப் பயன்படுத்துங்க

வண்டியை ஓரம் கட்டிய பிறகு, முள் எங்கே நிற்கிறது என்று ஒரு படம் எடுங்க. ஃபேன் சுற்றுகிறதா, ஒழுகல் எங்கே என்று தள்ளி நின்று சிறு வீடியோ எடுங்க. எவ்வளவு நேரம் ஓடியது, ஏசி போட்டிருந்ததா, மேடா சமதளமா என்பதையும் குறித்துவையுங்க. ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேரும்போது வண்டி ஆறிவிடும்; கோளாறும் தெரியாமல் போகலாம். அப்போது மெக்கானிக்குக் காட்ட இந்தப் பதிவுதான் உதவும்.

தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033-ஐ அழையுங்க. மற்ற இடங்களில் அவசர உதவிக்கு 112.

சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு தகுதிச் சோதனை முடித்து ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உங்கள் வண்டியின் தேதியை எம்பரிவாகன் செயலியில் பார்க்கலாம். சோதனைக்குப் போகும் முன் கூலன்ட், ஹோஸ், ஃபேன் மூன்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்க.