இல்லாத தரையில் விழும் பிம்பம்



வேலைகளெல்லாம் முடிந்து, பிள்ளைகளோடு தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கின்றீர்கள். திரையில் ஒரு பெரிய மண்டபம். பளபளக்கும் கரிய சலவைக்கல் தரை. அதன் நடுவே நின்று பேசுகிறார் ஓர் அறிவிப்பாளர். அவரது சப்பாத்தும் உடையின் ஓரமும் தரையில் மங்கலாகத் தெரிகின்றன. "எவ்வளவு செலவழித்துக் கட்டியிருப்பார்கள்!" என்று வியக்கின்றீர்கள். ஆனால் அங்கே மண்டபமும் இல்லாதிருக்கலாம், சலவைக்கல்லும் இல்லாதிருக்கலாம். சுவரும் தரையும் பச்சை நிறம் பூசப்பட்ட வெற்று அறையொன்றில் அவர் நின்றுகொண்டிருக்கலாம்.

இதற்கு மெய்நிகர் ஸ்டூடியோ என்று பெயர். கெமரா எடுக்கும் படத்தில் பச்சையாய் உள்ள இடங்களையெல்லாம் கணினி நீக்கிவிட்டு, தான் வரைந்த மண்டபத்தை அங்கே வைக்கிறது. மனிதத் தோலின் நிறத்தில் பச்சை முனைப்பாக இராததால், ஆளை வேறாகப் பிரித்தெடுப்பது எளிதாகிறது. கெமரா எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு நெருங்குகிறது என்பதையும் கருவிகள் கணந்தோறும் அளந்து சொல்கின்றன. அதற்கேற்ப மண்டபமும் அசைகிறது.

காலடியில்தான் சிக்கல்

இத்தனை செய்தும் ஒரு குறை எஞ்சிவிடும். ஆள் தரையில் நிற்பதுபோல் தோன்றாது. காற்றில் மிதப்பதுபோல் தோன்றும். ஏன்? பளபளப்பான தரை எதிரே உள்ளதைக் காட்டும் என்பது நம் கண்ணுக்குப் பழகிப்போன செய்தி. அந்தப் பிம்பம் இல்லையென்றால், காரணம் தெரியாமலேயே மனம் நம்ப மறுக்கிறது. ஆகவே இல்லாத தரையில் இருக்கும் ஆளின் பிம்பத்தை விழச் செய்தாக வேண்டும்.

"படத்தைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டிவிட்டால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். முகம் பார்க்கும் கண்ணாடியொன்றை மேசையில் படுக்க வைத்து, அதற்கு மேலே பிங்கான் கோப்பையொன்றை ஓர் அங்குலம் உயர்த்திப் பிடியுங்கள். மேலிருந்து பார்க்கும் உங்களுக்குக் கோப்பையின் வாய் தெரிகிறது. கண்ணாடியிலோ வாய் தெரியாது, அடிப்பாகம் தெரியும். பிம்பம் என்பது நாம் காணும் படத்தின் தலைகீழ் வடிவமன்று. தரைக்குக் கீழே ஒரு கண் இருந்து மேல்நோக்கிப் பார்த்தால் எது தெரியுமோ, அதுவே பிம்பம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கோப்பையை ஓர் அங்குலம் உயர்த்தினால் கோப்பைக்கும் பிம்பத்துக்குமிடையே இரண்டு அங்குல இடைவெளி உண்டாகிறது. அறிவிப்பாளர் நடக்கும்போது ஒரு பாதம் உயர்ந்தால், பிம்பத்தின் பாதமும் அதே அளவு கீழிறங்க வேண்டும். இந்தக் கணக்கு பிசகினால் காலும் பிம்பமும் ஒன்றையொன்று விட்டு விலகி, குட்டு வெளிப்பட்டுவிடும்.

இதற்கு அவர்கள் செய்யும் உபாயம் என்ன? கணினிக்குள் இருக்கும் மண்டபத்தில், அறிவிப்பாளரின் கால் படும் இடத்தில், மெல்லிய அட்டையொன்றை நிறுத்துவதுபோல் அவரது படத்தை நிறுத்துகிறார்கள். அந்த அட்டையின் பிம்பத்தைக் கணினி தானே கணித்துத் தரையில் விழுத்துகிறது. அவர் முன்னே வந்தால் அட்டையும் முன்னே வரவேண்டும். கெமரா தூரத்தில், நெஞ்சளவு உயரத்தில் இருக்கும்வரை இது நன்றாகவே பொருந்தும். கெமரா உயரே சென்றுவிட்டால், அட்டைக்கு அடிப்பாகம் இல்லையென்ற உண்மை தெரிந்துவிடும்.

வேறு சிலர் பச்சைத் தரையையே சற்றுப் பளபளப்பாக அமைத்து, அதில் விழும் மெய்யான பிம்பத்தைக் காத்து எடுக்கிறார்கள். 1959இல் வெளிவந்த 'பென் ஹர்' திரைப்படத்துக்காக நிறத்திரை முறையைச் செம்மைப்படுத்திய பெட்ரோ விளாஹோஸ், 1976இல் தொடங்கிய 'அல்டிமேட்' நிறுவனத்தின் கருவிகள் நிழலைக்கூடச் சிதையாமல் பிரித்தெடுப்பதில் பெயர் பெற்றவை. ஆனால் பளபளப்புக் கூடினால் விளக்குகளின் ஒளியும் தரையில் வெள்ளைத் திட்டுகளாய் விழும். அந்த இடங்களில் பச்சை மறைந்து வேலை கெட்டுவிடும்.

உங்கள் வீட்டுத் தரை கற்பிக்கும் பாடம்

உங்கள் விறாந்தையின் டைல்ஸ் தரையைப் பாருங்கள். தொலைவில் தாழ அமர்ந்து நோக்கினால் யன்னல் பிரகாசமாய்த் தெரியும். அருகே நின்று நேர்கீழே பார்த்தால் மங்கிவிடும். மேசைக்காலின் பிம்பம், தரையைத் தொடும் இடத்தில் தெளிவாகவும் தள்ளிப்போகப் போகக் கலங்கியும் இருக்கும். கரிய தரையில் பிம்பம் எடுப்பாகத் தெரியும், வெண்தரையில் அமுங்கிப்போகும். தேர்ந்த கலைஞர்கள் இவை அத்தனையையும் கணினியில் கொண்டுவருகிறார்கள். கண்ணாடிபோல் மிகத் தெளிவாக விழும் பிம்பம்தான் பெரும்பாலும் பொய்யாகத் தோன்றும்.

தீமைக்கு மட்டுமா?

இந்தக் கலை ஏமாற்று வேலைக்கே உரியதென்று எண்ணிவிடாதீர்கள். 2018 செப்டெம்பரில் 'புளோரன்ஸ்' சூறாவளி அமெரிக்காவை நெருங்கியபோது, 'த வெதர் சனல்' தொலைக்காட்சி, அறிவிப்பாளரைச் சுற்றி வெள்ளம் 3 அடி, 6 அடி, 9 அடி என்று உயர்வதைக் காட்டியது. வெறும் எண்ணாகக் கேட்டால் கடந்துபோகும் செய்தி, ஆளின் உயரத்தோடு ஒப்பிட்டுக் கண்டபோது நெஞ்சில் தைத்தது. அது வரையப்பட்ட வெள்ளம் என்பது பார்ப்போருக்குத் தெரிந்தே இருந்தது. அதில் வஞ்சகம் இல்லை, எச்சரிக்கை இருந்தது.

பளபளக்கும் தரை கண்ணை மயக்குவது புதியதுமன்று. ஸபா நாட்டு அரசி, நபி ஸுலைமான் (அலை) அவர்களின் மாளிகையில் பளிங்குத் தரையை நீர்த்தடாகமென எண்ணி ஆடையை உயர்த்திய வரலாற்றை, அந்நம்ல் அத்தியாயத்தில் நீங்கள் ஓதியிருப்பீர்கள். அங்கே அவருக்கு உண்மை உடனே சொல்லப்பட்டது. வித்தியாசம் இதில்தான் இருக்கிறது.

ஆகவே சகோதரிகளே! இன்று ஆளையும் குரலையும்கூடக் கணினி உருவாக்கிவிடுகிறது. திரையில் காண்பதையெல்லாம் நம்புவதும் அறிவன்று. எல்லாமே பொய்யென ஒதுக்குவதும் அறிவன்று. அடுத்த தடவை செய்தி பார்க்கும்போது அறிவிப்பாளரின் காலடியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். "பாதமும் பிம்பமும் சேர்கின்றனவா?" என்று கேளுங்கள். கோப்பையையும் கண்ணாடியையும் கையில் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். தரையைக் கூர்ந்து பார்க்கப் பழகிய பிள்ளை, "இதைச் சொன்னவர் யார்? ஏன் சொல்கிறார்?" என்று கேட்கவும் பழகிக்கொள்ளும். திரையிலுள்ள தரை எவ்வளவு பளபளத்தாலும் அந்தக் கேள்வியை மறைத்துவிட முடியாது.